செர்மாட்டில் ஒரு குளிர்கால விடுமுறை: எங்கே செலவிடுவது, எதில் நிதானம் காட்டுவது

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுமுறை என்று முடிவானதும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது ஹோட்டலின் நட்சத்திரங்களைத்தான். அதில் தவறில்லை. ஆனால் பனிச்சறுக்கு ஊரில் ஒரு வாரம் சுகமாகக் கழிவதையும் அலுத்துச் சலித்துக் கழிவதையும் தீர்மானிப்பவை வேறு மூன்று: தங்கும் அறைக்கும் மலை ஏற்றும் ரயில் அல்லது கேபிள் கார் நிலையத்துக்கும் இடையிலான தூரம், காலில் மாட்டும் பூட்ஸின் பொருத்தம், கற்றுத்தருபவரின் திறமை. பணம் தாராளமாக இருந்தாலும் அளவாக இருந்தாலும் முதலில் இம்மூன்றுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மற்றவற்றுக்குப் பிரித்துக்கொள்வதே நல்லது. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்திலுள்ள செர்மாட்டை எடுத்துக்கொண்டு, புறப்படுவதிலிருந்து திரும்புவது வரை செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏன் செர்மாட், எந்த மாதம்

செர்மாட் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் கார் வழியாக 3,883 மீட்டர் வரை ஏற முடியும். ஐரோப்பாவில் கேபிள் கார் நிலையம் இதைவிட உயரத்தில் வேறெங்கும் இல்லை. இந்த உயரம் வெறும் பெருமைக்குரிய எண்ணன்று. ஆல்ப்ஸில் தாழ்வான ஊர்கள் பல, குளிர்காலம் சூடாகிவரும் இக்காலத்தில், டிசம்பரில் பனி விழுமா விழாதா என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்கின்றன. செர்மாட்டின் மேல்பகுதி பனியாற்றின் மீதே அமைந்திருப்பதால் அங்கே பனியில்லாமல் போகும் அபாயம் மிகக் குறைவு. ஆறு மாதங்களுக்கு முன்பே விசா, விமானம், அறை என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு வரும் நமக்கு இந்த உறுதி பெரிதும் முக்கியம்.

அதே நேரத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செர்மாட்டின் சரிவுகளில் பெரும்பகுதி நடுத்தரத் திறமை உள்ளவர்களுக்கானது. முதன்முறையாகக் காலில் சறுக்குப் பலகை கட்டுபவர்களுக்கான மென்சரிவுகள் குறைவு. குடும்பத்தில் எல்லோருமே புதியவர்கள், அதோடு எல்லோருமே முழு வாரமும் கற்றுக்கொள்ள மட்டுமே வருகிறார்கள் என்றால், அகலமான மென்சரிவுகள் உள்ள வேறு ஊர் பொருந்தலாம். இருவர் கற்றுக்கொள்வார்கள், பாட்டி மலையைப் பார்க்க வேண்டும், ஒருவர் பனியில் நடக்க விரும்புகிறார் என்ற கலவையான குடும்பத்துக்குச் செர்மாட்டுக்கு நிகரான இடம் அரிது. சறுக்கத் தெரியாதவரும் மலை ரயிலில் உட்கார்ந்தபடியே மூவாயிரம் மீட்டரைத் தொட்டுவிடலாம் என்பதே அதற்குக் காரணம்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும். பல ஹோட்டல்கள் அப்போது குறைந்தபட்சம் ஐந்து, ஏழு இரவுகள் என்று நிபந்தனை வைக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை கூட்டமும் விலையும் இறங்கும், ஆனால் குளிர் கடுமையாக இருக்கும், பகலும் குறுகியது. பிப்ரவரியில் சுவிட்சர்லாந்திலும் அண்டை நாடுகளிலும் பள்ளி விடுமுறைகள் வரிசையாக வருவதால் மீண்டும் நெரிசல். வெப்ப நாட்டிலிருந்து வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மார்ச் மாதம். பகல் நீளும், வெயில் முகத்தில் படும், மேலே பனி ஆழமாகவே இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மார்ச் ஒத்துவராது என்பது உண்மைதான். அவர்கள் டிசம்பரின் மூன்றாம் வாரத்திலேயே புறப்பட்டு, கிறிஸ்துமஸ் நெரிசல் தொடங்குமுன் சில நாட்களையாவது அமைதியாகப் பெற முயலலாம்.

விசா, காப்பீடு, பயணம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு வழக்கமான அவகாசம் 15 நாட்கள் என்றாலும், சீசனுக்கு முன் நேர்காணல் நாள் கிடைப்பதே தாமதமாகும் என்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நலம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இங்கேதான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். விசாவுக்காக எடுக்கும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, பனிச்சறுக்கு விபத்துகளை விலக்கிவைத்திருக்கும். குளிர்கால விளையாட்டுகளும் ஹெலிகாப்டர் மீட்பும் உள்ளடங்கியவை என்று பாலிசிப் பத்திரத்திலேயே எழுத்தில் இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். மலையில் கால் முறிந்தால் கீழே இறக்குவது பல நேரங்களில் ஹெலிகாப்டர்தான். செர்மாட்டில் அந்தப் பணியை 1968-இல் தொடங்கப்பட்ட ஏர் செர்மாட் செய்கிறது. அது இலவசச் சேவையன்று. காப்பீடு இல்லாதவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து சூரிக்கிற்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நாடுகள் வழியாகவோ, பிராங்க்பர்ட் வழியாகவோ, டெல்லி அல்லது மும்பை சென்றோ மாற வேண்டும். சூரிக் விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து விஸ்ப் என்ற ஊர் வரை விரைவு ரயில். அது 2007-இல் திறக்கப்பட்ட, 34.6 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ஷ்பெர்க் சுரங்கப்பாதை வழியாக மலைத்தொடரைக் கடக்கிறது. விஸ்பில் இறங்கினால் அருகிலேயே மாட்டர்ஹார்ன் கோட்ஹார்ட் நிறுவனத்தின் சிவப்பு ரயில் நிற்கும். அது பள்ளத்தாக்கின் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஏறிச் செர்மாட்டை அடையும். மொத்தம் மூன்றரை மணி நேரத்தை ஒட்டியாகும். ஜெனீவாவில் இறங்கினாலும் விஸ்ப் வழிதான். ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

கார் எடுத்துக்கொண்டு வருவது பற்றி யோசிப்பவர்களுக்கு: செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதியில்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிட ரயிலில் வர வேண்டும். ஊருக்குள் ஓடுபவை பெட்டி வடிவிலான சிறிய மின்வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான். நீங்கள் வரும் ரயிலின் நேரத்தை ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால், நல்ல ஹோட்டல்கள் தங்கள் மின்வண்டியை நிலையத்துக்கு அனுப்பும். 1879-இல் திறக்கப்பட்ட செர்மாட்டர்ஹோஃப் ஹோட்டல் இன்றும் குதிரை வண்டியைப் பேணிவருகிறது. கனமான பெட்டிகளைச் சுமக்க வேண்டாம் என்பவர்கள் சுவிஸ் ரயில்வேயின் பெட்டி அனுப்பும் சேவையைப் பயன்படுத்தலாம். அதற்கு ஓரிரு நாட்கள் பிடிக்கும் என்பதால் முதல் இரண்டு நாளைக்கு வேண்டிய குளிர் உடையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

செர்மாட்டில் மலை ஏறும் வழிகள் மூன்று திசைகளில் பிரிகின்றன. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கோர்னர்கிராட் பல்சக்கர ரயில். அங்கிருந்து சில நிமிட நடையில், மலைக்குள்ளேயே சுரங்கத்தில் ஏறும் சுன்னெகா ரயில். ஊரின் தென்கோடியில், நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில், பனியாற்றுப் பகுதிக்குச் செல்லும் கேபிள் கார். அறையைப் பதிவு செய்யுமுன் வரைபடத்தை விரித்து, இம்மூன்றில் எதற்கு அருகே அது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இறுகிய பூட்ஸுடன், தோளில் பலகையுடன், உறைந்த கல்பாவிய தெருவில் பதினைந்து நிமிடம் நடந்தால் சறுக்கத் தொடங்குமுன்பே கால் களைத்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சுன்னெகா பக்கம் போவார்கள் என்பதால், அந்த நிலையத்துக்கு நடக்கும் தூரத்திலுள்ள நான்கு நட்சத்திர விடுதி, ஊரின் மறுகோடியிலுள்ள ஐந்து நட்சத்திர விடுதியைவிட மேல் என்பது என் கருத்து.

மிக உயர்ந்த தரத்தை நாடுபவர்களுக்கு வெவ்வேறு வகை இன்பங்கள் உண்டு. ஊர் நடுவில் பாறையின் மேல் அமைந்து, மலையைக் குடைந்த சுரங்கமும் லிஃப்ட்டும் வழியாக அடையும் ஓம்னியா ஒரு வகை. 2,222 மீட்டரில், கோர்னர்கிராட் ரயில் பாதையில் காட்டுக்கு நடுவே இருக்கும் ரிஃபெல்ஆல்ப் இன்னொரு வகை. காலையில் கதவைத் திறந்தால் சறுக்குபாதை காத்திருக்கும், ஆனால் மாலையில் ஊருக்குள் உணவுக்கு இறங்கினால் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும். பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை சில: மாட்டர்ஹார்ன் தெரியும் அறையா (தெற்கு நோக்கியது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்), பலகைகளும் பூட்ஸும் வைக்கும் ஸ்கீ அறையில் பூட்ஸை உலர்த்தும் சூடாக்கி உண்டா, காலையுணவும் இரவுணவும் சேர்ந்த கட்டணம் உண்டா, ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம். மாலையில் உடல்வலி தீர ஸ்பாவுக்குச் செல்பவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதியில் நீராவி, வெந்நிலை அறைகளில் ஆடையின்றி, ஆண் பெண் இருபாலரும் ஒன்றாக அமர்வது சாதாரண வழக்கம். பெண்களுக்குத் தனி நேரமோ, நீச்சல் உடை அணியும் நேரமோ இருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் கேட்டால் தயக்கமின்றிச் சொல்வார்கள்.

உடையும் பூட்ஸும்

உடைக்கு ஒரே அடிப்படை விதி: பருத்தி கூடாது. சறுக்கும்போது உடல் வியர்க்கும்; பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; லிஃப்ட்டில் அசையாமல் உட்கார்ந்ததும் அதே ஈரம் உடலைக் குளிரச் செய்துவிடும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், நடுவே மெல்லிய ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும் என்று மூன்று அடுக்கு போதும். தடிமனான ஒரே கோட்டைவிட இம்மூன்று அடுக்கே சிறந்தது. வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம். ஊருக்குள் இரவில் மைனஸ் 10 டிகிரி சாதாரணம், மேலே பனியாற்றில் காற்றோடு சேர்ந்தால் மைனஸ் 20 வரைகூட உணரலாம். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் வகை கூடுதல் சூடு தரும்.

நம் தோலுக்கு வெயில் பழக்கம்தானே என்று சன்ஸ்கிரீனைத் தவிர்த்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும். புதிதாக விழுந்த பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி முகத்தில் அடிக்கும். தாடையின் அடிப்பகுதியும் மூக்குத் துவாரங்களின் ஓரமும்கூடக் கருகிப்போவது இதனால்தான். எஸ்.பி.எஃப் 50 களிம்பு, உதட்டுக்கான பாம், கண்களை முழுவதும் மூடும் காகிள்ஸ் மூன்றும் தினமும் பையில் இருக்க வேண்டும்.

பலகை, கைத்தடிகள், ஹெல்மெட், பூட்ஸ் அனைத்தையும் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு வாரத்துக்காக விலைக்கு வாங்குவது வீண். ஊர் சேர்ந்த மாலையிலேயே கடைக்குப் போய்விடுங்கள், காலையில் வரிசை நீளும். பலகைக்குச் சில நிமிடங்கள் போதும், ஆனால் பூட்ஸுக்கு முழு அரைமணி நேரம் கொடுங்கள். முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை ஒன்றே ஒன்றை அணிய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மேலும் சில்லிடும். தெர்மல் பேன்ட்டின் நுனி பூட்ஸுக்குள் போகாமல் மேலேயே நிற்க வேண்டும். உள்ளே ஒரு மடிப்பு விழுந்தால் மதியத்துக்குள் அது கணுக்கால் எலும்பின் மேல் கத்திபோல் அழுத்தும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கொக்கிகளை மாட்டுங்கள். நேராக நிற்கும்போது கால்விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல்கள் பின்வாங்கும். அப்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது. இம்மூன்றும் நடந்தால் அளவு சரி. விரல் இடிக்கிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. பூட்ஸுக்குள் கால் ஆடினால் பலகை நாம் சொல்வதைக் கேட்காது. மறுநாள் எங்கேனும் வலித்தால் அன்று மாலையே கடைக்குச் சென்று மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கூச்சம் தேவையில்லை, கடைக்காரர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள்.

கடையில் எடை, உயரம், வயது, திறமை நிலை ஆகியவற்றைக் கேட்டு எழுதுவார்கள். உடல் எடையைக் குறைத்துச் சொல்லும் ஆசையை இங்கே கட்டுப்படுத்த வேண்டும். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பிணைப்பை அந்த எண்களைக் கொண்டுதான் சரிசெய்கிறார்கள். எடை தவறானால், விடுபட வேண்டிய நேரத்தில் விடுபடாமலோ, தேவையில்லாதபோது கழன்றோ முழங்காலுக்கு ஆபத்து வரும். திறமை நிலையைக் கூட்டிச் சொல்வதும் அதே அளவு கெடுதல்.

கற்றுக்கொள்ளும் முதல் நாட்கள்

விடுமுறையின் மொத்தச் செலவில் எதைக் குறைத்தாலும் ஆசிரியருக்கான செலவைக் குறைக்காதீர்கள். குழு வகுப்பு மலிவு, பிள்ளைகளுக்கு நண்பர்களும் கிடைப்பார்கள். பெரியவர்களுக்கு முதல் இரண்டு நாட்கள் அரைநாள் தனிப் பாடம், பிறகு குழு என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். ஆங்கிலத்தில் கற்றுத்தருபவர்கள் எளிதில் கிடைப்பார்கள். பண்டிகைக் காலத்தில் மட்டும் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். நண்பரோ கணவரோ மனைவியோ கற்றுத்தருவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

முதல் மணி நேரம் பெரும்பாலும் சமதளத்தில்தான் கழியும். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கைத்தடியால் சுரண்டிவிட்டு, முன்பாதத்தைப் பிணைப்பில் செருகி, குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். பனி ஒட்டியிருந்தால் எத்தனை மிதித்தாலும் பூட்டாது; முதல் நாளில் ஆசிரியர் அடிக்கடி குனிந்து பார்ப்பது அதைத்தான். பிறகு ஒரு பலகையில் மட்டும் வழுக்கிப் பழகுவது, பக்கவாட்டில் படி ஏறுவது, அடுத்து பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, முன்பக்கம் குறுகிய கூம்பு வடிவில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான்: சரிவைப் பார்த்ததும் பயத்தில் உடல் பின்னே சாயும். பின்னே சாய்ந்தால் எடை பலகையின் முன்பகுதியை விட்டு விலகும், பலகை திரும்பாது, வேகம் கூடும், பயம் இன்னும் கூடும். முழங்காலை மடக்கி, கணைக்காலின் முன்புறம் பூட்ஸின் நாக்கை அழுத்துமாறு முன்னே சாய்வது மனத்துக்கு விரோதமாகத் தோன்றினாலும், கட்டுப்பாடு அங்கேதான் இருக்கிறது. பார்வை பலகையின் நுனியில் அன்றி, போக வேண்டிய இடத்தில் நிலைத்திருக்கட்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருவதுபோல் விழுங்கள். எழுமுன் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழும்போதே வழுக்கத் தொடங்கிவிடும்.

சுன்னெகாவின் கீழே லைசே ஏரிப் பக்கம் புதியவர்களுக்கும் பிள்ளைகளுக்குமான இடம் இருக்கிறது. நகரும் தரைப்பட்டை நின்றபடியே மேலே கொண்டுபோகும். அங்கே இரண்டு நாள், பிறகு ரிஃபெல்பெர்க் பக்கத்து எளிதான நீலச் சரிவுகள் என்று மெல்ல முன்னேறலாம். டி வடிவ இழுவைக் கம்பியில் ஏற நேர்ந்தால், அதன் மேல் உட்கார முயல வேண்டாம். அது பின்புறத்தைத் தள்ளிச் செல்வதற்கானது, உட்கார்ந்தால் கம்பி இறங்கிவிடும், நீங்களும் இறங்கிவிடுவீர்கள்.

பாதைகள், விதிகள், உயரம்

சுவிட்சர்லாந்தில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். செர்மாட்டில் மஞ்சள் நிறத்திலும் பாதைகள் உண்டு, அவை அடையாளமிடப்பட்டவை, ஆனால் இயந்திரத்தால் சமப்படுத்தப்படாதவை, தேர்ந்தவர்களுக்கு மட்டும். அடையாளக் கம்பங்களுக்கு வெளியே போவது பனிச்சரிவு பற்றிய பயிற்சியும் மலை வழிகாட்டியும் இல்லாமல் நினைத்துப் பார்க்கவே கூடாதது. தாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு நாளும் ஐந்து படிநிலைகளில் அபாய அளவை வெளியிடுகிறது. மூன்றாம் நிலையென்பது நடுவில் இருப்பதால் பலருக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது, ஆனால் அதன் பெயரே ‘கணிசமான அபாயம்’ என்பதுதான்.

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு வகுத்த பத்து விதிகளில் மூன்றை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். நிற்க வேண்டுமானால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருபவருக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். விபத்தைக் கண்டால் உதவுவது கடமை. அவசர எண் 144. 112-உம் வேலை செய்யும்.

லிஃப்ட்டுகளில் ஏறுவதற்கான ஸ்கீ பாஸ் உச்ச சீசனில் பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 சுவிஸ் ஃப்ராங்கை ஒட்டி வரும்; தேதிக்கும் தேவைக்கும் ஏற்ப விலை மாறுவதால் முன்கூட்டி வாங்குவதே லாபம். முதல் இரண்டு நாள் புதியவர்களுக்கு முழு மலைக்குமான பாஸ் தேவையே இல்லை, ஆரம்பநிலைப் பகுதிக்கான பாஸ் கேளுங்கள். இத்தாலியின் செர்வீனியாவையும் சேர்த்த பாஸ் வாங்கினால் காலையில் சுவிட்சர்லாந்து, மதியம் இத்தாலியில் பாஸ்தா என்று ஒரே நாளில் அனுபவிக்கலாம். இரண்டும் ஷெங்கன் நாடுகள் என்பதால் விசாச் சிக்கல் இல்லை, கடவுச்சீட்டு மட்டும் உடனிருக்கட்டும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். உச்சியில் காற்று எழுந்தால் எல்லையைத் தாண்டும் லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுவார்கள்; அப்போது இத்தாலியப் பக்கம் மாட்டிக்கொண்டால் மலையைச் சுற்றிப் பல மணி நேரச் சாலைப் பயணமும் அதற்கேற்ற டாக்சிக் கட்டணமும்தான் மிஞ்சும். மதியம் இரண்டு மணிக்குள் திரும்பி ஏறத் தொடங்குவது பாதுகாப்பு.

உயரத்தை மதிக்க வேண்டும். 3,883 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. முதல் நாளே அங்கே ஏறாமல், இரண்டு மூன்று நாள் ஊரில் பழகிய பின் போங்கள். மேலே மெதுவாக நடங்கள், நீர் நிறையக் குடியுங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் மருந்து தேடுவதைவிட உடனே கீழே இறங்குவதே சரி. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் சொந்த ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு மலையிலிருந்து ஊர் வரை சறுக்கியே இறங்கலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் கால்கள் களைத்திருக்கும், கீழ்ச் சரிவு நாள் முழுதும் தேய்ந்து கண்ணாடிபோல் இருக்கும், எல்லாரும் ஒரே குறுகிய பாதையில் திரும்புவார்கள். புதியவர்கள் லிஃப்ட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

சறுக்காதவர்களுக்கு

1898-இல் தொடங்கிய கோர்னர்கிராட் ரயில் சுமார் அரைமணி நேரத்தில் 3,089 மீட்டருக்குக் கொண்டுபோகும். ஏறும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் மாட்டர்ஹார்ன் தெரியும். மேலே நின்றால் எதிரே கோர்னர் பனியாறு, அதற்கு அப்பால் சுவிட்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான, 4,634 மீட்டர் உயரமுள்ள டுஃபூர்ஷ்பிட்சே. பனிநடைப் பாதைகள் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ரோட்டன்போடனிலிருந்து ரிஃபெல்பெர்க் வரை பனிவண்டியில் சறுக்கும் பாதை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேகம் மூடிய நாளில் மேலே ஏறிப் பயனில்லை. புறப்படுமுன் மேல்நிலையங்களின் நேரடிக் கேமராக் காட்சியைத் தொலைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய நாளில் மாட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு முதன்முதலாகச் சிகரத்தை அடைந்து இறங்கியபோது அறுந்து, நால்வரின் உயிர் போகக் காரணமான கயிறு அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் கயிற்றைப் பார்த்தபின் மலையை யாரும் அலட்சியமாக நினைக்க மாட்டார்கள்.

உணவு

ஃபாண்டூ பாலாடைக்கட்டியை வெள்ளை ஒயினில் உருக்கிச் செய்வது, கிர்ஷ் என்ற மதுவும் சேரும். மது தொடாதவர்கள் ராக்லெட் கேட்கலாம். அது உருக்கிய பாலாடைக்கட்டியை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப்போட்டு ஊறுகாய் வெள்ளரியோடு தருவது. துருவிய உருளைக்கிழங்கை முறுகலாக வறுக்கும் ரோஸ்டியில் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கக்கூடும். வாலே மாநிலத்தின் புகழ்பெற்ற உலர் இறைச்சி மாட்டிறைச்சி. காய்கறிச் சூப்பின் அடிநீர்கூட இறைச்சியில் காய்ச்சியதாக இருக்கலாம். சைவர்கள் ‘சைவம்’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பாலாடைக்கட்டியிலேயே, பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருப்பது நல்லது. உயர்தர ஹோட்டல்களில் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் சமையலறை தனியாகச் செய்து தரும். ஈழத்திலிருந்து எண்பதுகள் முதல் குடியேறிய தமிழர்கள் பல்லாயிரக் கணக்கில் வாழும் நாடு என்பதால் சூரிக்கிலும் பெர்னிலும் தமிழ்க் கடைகள் உண்டு. சமையலறை உள்ள அடுக்ககத்தில் தங்குபவர்கள் வழியில் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கிக்கொள்ளலாம். மதிய உணவுக்கு ஃபிண்டெல்ன் சிற்றூரின் பழைய மரவீட்டு உணவகங்கள் அருமையானவை. பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது அரிது. குழாய் நீர் குடிக்கத் தகுந்தது, பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

திரும்பும் நாள்

2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் சாலையும் ரயில் பாதையும் மூடப்பட்டு, ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். சிலரை ஹெலிகாப்டரில் வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வழி என்பதால் இத்தகைய நிலை எந்தக் குளிர்காலத்திலும் வரலாம். ஆகவே விமானத்துக்கு முந்தைய இரவைச் சூரிக்கிலோ ஜெனீவாவிலோ கழிக்குமாறு திட்டமிடுங்கள். வாடகைப் பொருட்களைப் புறப்படுவதற்கு முந்தைய மாலையே திருப்பிக் கொடுத்து ரசீது பெற்றுவிடுங்கள். கடைசி நாள் பனிமூட்டமாக இருந்து சறுக்க முடியாமல் போனால், பயன்படுத்தாத நாளுக்கான வாடகையைக் குறைப்பார்களா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம். மருத்துவமனைக்கோ மீட்புக்கோ செலவு நேர்ந்திருந்தால், மருத்துவ அறிக்கையின் அசலையும் கட்டணச் சீட்டையும் ஊரை விட்டுக் கிளம்புமுன் கையில் வாங்கிவிட வேண்டும்; பின்னர் மின்னஞ்சலில் வரவழைப்பது நெடுநாள் இழுக்கும்.